தவலைக்கு ஈயம் பூசியது: மூன்று பாத்திரம், 1,150 ரூபாய்

தஞ்சாவூரில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் ஈயம் பூசுகிறவர் ஒருவர் வந்து உட்காருவார். கடை கிடையாது, போர்டு கிடையாது. ஒரு சாக்கு, கையால் சுற்றும் துருத்தி, ஒரு பக்கெட் தண்ணீர், அவ்வளவுதான். இத்தனை வருடம் பைக்கில் அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். இந்த வருடம்தான் பாத்திரம் கொடுத்தேன். எப்படிச் செய்தார் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

கொடுத்தவை மூன்று: பித்தளைத் தவலை, அடுக்கு, சின்னக் குண்டான். அம்மா போனபிறகு என் பங்குக்கு வந்தவை. பங்கு பிரிக்க எங்கள் வீட்டில் பாத்திரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அப்பா ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா வாசலில் இட்லி போட்டு விற்றார். அந்த இட்லிக்குச் சாம்பார் கொதித்தது இந்தத் தவலையில்தான்.

ஈயம் எதற்கு என்று தெரியாதவர்களுக்கு: பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளியும் மோரும் பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும், அது வயிற்றுக்கு ஆகாது. உள்ளே வெள்ளீயம் பூசிவிட்டால் புளிக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு திரை விழுந்த மாதிரி. தினம் புழங்கினால் பூச்சு தேயும், மறுபடி பூச வேண்டும்.

பையனுக்குப் பதின்மூன்று வயது. “இந்தக் காசுக்குப் புதுசே வாங்கலாமேப்பா” என்றான். கணக்கு தப்பில்லை. நான் பதில் சொல்லாமல் ஒரு கை புளியும் சாம்பலும் எடுத்துக் கொடுத்து, முதலில் தவலையைத் தேய்க்கச் சொன்னேன். “அவர்தான் எப்படியும் தேய்ப்பாரே?” அதுவும் சரிதான். ஆனால் அம்மா ஒரு பாத்திரத்தையும் அழுக்காக வெளியே அனுப்பியதில்லை.

இதில் கொஞ்சம் கதை இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும், மில்லில் வேலை இருக்காது. நோட்டு, யூனிஃபார்ம் எல்லாவற்றுக்கும் தவலைதான் வட்டிக்கடைக்குப் போகும். தையில் அறுவடை முடிந்து நெல் வரத்தொடங்கினால் அப்பா கையில் கூலி ஓடும், தவலை திரும்பி வரும். நடுவில் சாம்பார் அலுமினியக் குண்டானில். அடகுக்குக் கொண்டுபோவதற்கு முந்தின ராத்திரி அம்மா அதைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்குவார். பளபளத்தால் பத்து ரூபாய் கூடக் கிடைக்குமோ என்று ஒருநாள் கேட்டேன். “எடைக்குத்தான்டா காசு. இன்னொருத்தர் வீட்டுக்குப் போவுது, அழுக்கா போவலாமா?” என்றார்.

பையன் தேய்த்துக்கொண்டே, “பாத்திரத்தை வச்சு காசு கொடுப்பாங்களா?” என்று கேட்டான். விளிம்புக்குக் கீழே ஆணியால் கீறியிருந்த 47 என்ற எண்ணைக் காட்டினேன். வட்டிக்கடையில் போட்ட அடையாளம். பொண்ணு அதன்மேல் விரலை வைத்து எழுதிப் பார்த்தாள். எங்கள் காலத்தில் எப்படித் தெரியுமா என்று நான் ஆரம்பித்தாலே இரண்டு பேரும் ஹெட்போனைத் தேடுவார்கள். அன்றைக்குத் தேடவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். பெரியவர் 1,300 கேட்டார். நான் 1,150க்கு இறக்கினேன். பையன் பக்கத்தில் நிற்கும்போது சாமர்த்தியம் காட்டத் தோன்றியது, வேறு காரணம் இல்லை. அவர் வேலை செய்ததைப் பார்த்தபிறகு அந்த 150 ரூபாயை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

வெள்ளீயம்தானா, காரீயம் கலந்திருக்கிறதா என்று கேட்டேன். இதை எல்லோரும் கேளுங்கள். காரீயம் விலை குறைவு, ஆனால் விஷம், குழந்தைகளுக்கு ரொம்பவே கெடுதல். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஈயக்குச்சியை என் பொண்ணின் காதருகே கொண்டுபோய் வளைத்தார். கறகறவென்று முனகியது. “காரீயம் வாயே திறக்காது பாப்பா” என்றார். அப்புறம் குச்சியைக் காகிதத்தில் இழுத்துக் காட்டினார். காரீயமாக இருந்தால் பென்சில் மாதிரிக் கோடு விழுமாம். விழவில்லை.

தரையில் சின்னக் குழி, அதில் கரி. துருத்தியைச் சுற்றும் வேலையைப் பொண்ணு கேட்டு வாங்கிக்கொண்டாள். பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, நெருப்பில் சூடேற்றி, உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவினார், ஈயம் ஒட்டுவதற்குப் போடும் உப்பு அது. குபீரென்று வெள்ளைப் புகை. சூட்டில் ஈயக்குச்சியைத் தொட்டதும் உருகி ஓட, பழைய துணியால் ஒரே சுழற்று. மஞ்சளாக இருந்த உள்பக்கம் கண்ணெதிரே வெள்ளியானது. பையன் ஃபோனை எடுத்தான், வீடியோ எடுக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

குறைகளும் உண்டு. ஒரு மணி நேரம் என்றார், மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்தப் புகை மூக்கில் ஏறும், கண் எரியும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் புகை போகிற பக்கம் வேண்டாம், காற்று வருகிற பக்கமாக நிறுத்துங்கள். பெரியவரே மூக்குக்கு ஒரு துணிகூடக் கட்டவில்லை, அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அடுக்கின் அடி வளைவில் கட்டைவிரல் அளவு இடம் பூச்சு ஏறாமல் விட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்தது என் பையன். காட்டியதும் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி சூடேற்றிச் சரிசெய்து கொடுத்தார். கூட நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. “பேசுனது பேசுனதுதான் சார்.”

வீட்டுக்கு வந்தபிறகு நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது: வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கவே கூடாது. தாளிப்பதை இரும்புக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கொட்டுங்கள். கம்பி நார் வேண்டாம், தேங்காய் நார் போதும். கிளற மர அகப்பை. ஒரு மாதமாகத் தவலையில் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைக்கிறோம். பூச்சு அப்படியே இருக்கிறது. கழுவுகிற வேலை பையனுடையது. முனகிக்கொண்டுதான் கழுவுகிறான், ஈயக்குச்சி மாதிரி.

அடுத்த வருடமும் அவரிடம்தான் கொடுப்பேன், பேரம் பேசாமல்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் பெரியவருக்கு டீ வாங்க மூவரும் கடைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால், நான் கேட்காமலே தவலையின் ஒடுக்கைத் தட்டியெடுத்து, வெளிப்பக்கம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார். அதற்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை. பொண்ணு விளிம்புக்குக் கீழே விரலால் தடவித் தேடினாள். 47 இல்லை. உங்கள் பாத்திரத்தில் பெயரோ எண்ணோ இருந்து அது உங்களுக்கு வேண்டுமென்றால், கொடுக்கும்போதே சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.