பிளான்சர்டா, டேவிஸா?

வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை ஏந்தி ஓடியவர்களில் யார் பெரியவர் என்ற பேச்சு எழுந்தால், கடைசியில் இந்த இருவரிடம்தான் வந்து நிற்கும். 1944 முதல் 1946 வரை ஒன்றாக ஆடினார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஒன்றே ஒன்று டிரா.

ஓட்டம்: டாக் பிளான்சர்ட் நடுவில் மோதிப் பிளந்துகொண்டு போவார், அதனால் 'மிஸ்டர் இன்சைட்'. கிளென் டேவிஸ் ஓரமாக வளைந்து பறப்பார், 'மிஸ்டர் அவுட்சைட்'.

டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்தது): பிளான்சர்ட் 38, டேவிஸ் 59.

ஹைஸ்மன் விருது (ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு): பிளான்சர்டுக்கு 1945, டேவிஸுக்கு 1946.

பிற வேலை: பிளான்சர்ட் பந்தை உதைப்பார், எதிரணியை மறித்துத் தள்ளி வழியும் திறப்பார். இதற்கெல்லாம் கணக்கு எழுதுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

உடல்: 1946 பருவத்தின் தொடக்கத்திலேயே பிளான்சர்டின் முழங்காலில் அடி. அந்தக் காலோடுதான் நவம்பரில் நோட்டர்டாம் பல்கலைக்கழக அணிக்கு எதிராக இறங்கினார். ஒருமுறை தடுப்பைத் தாண்டி வெளியேறியும்விட்டார். முன்னால் அந்த அணியின் ஜானி லூஜாக் ஒருவர்தான். லூஜாக் அவர் காலைப் பிடித்துச் சாய்த்தார். ஆட்டம் 0-0. அந்த ஒரே டிரா இதுதான்.

இரண்டு கெஜம்தான் தேவை, எதிரே சுவர்போல் ஆட்கள் என்றால் பிளான்சர்ட். மைதானம் திறந்து கிடந்தால் டேவிஸ்; 1945இல் ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 11.5 கெஜம் எடுத்தவர் அவர். ஒருவரை மட்டும் எடு என்றால், நான் டேவிஸை எடுப்பேன்.