இணையச் சந்தையில் பனையோலைப் பெட்டி: விற்ற காசு கைக்கு வரும் வரை

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் பனையோலை பின்னும் தங்கச்சி ஒருத்தி, நான் பொருட்கள் விற்கும் இணையச் சந்தையில் தங்கள் குழுவும் சேரலாமா என்று கேட்டிருக்கிறாள். கணக்குத் திறப்பது, படம் ஏற்றுவது, கொமிஷன் வீதம் எல்லாம் அவளுக்குத் தெரியும் என்பதால், நெடுநாள் பயன்படுத்திய பின் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், அடுத்த ஆண்டின் கொரோனா முடக்கம், 2022இன் எரிபொருள் வரிசைகள் என்று நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பயணிகளை நம்பியிருந்த கைப்பணி விற்பனை அடுத்தடுத்துப் படுத்தது. அதற்குப் பிறகும் பிட்டு அவிக்கும் எங்கள் நீத்துப்பெட்டியையும் சுளகையும் வெள்ளவத்தையிலும் கண்டியிலும் இருப்பவர்கள் வாங்குகிறார்கள் என்றால் அதற்கு இந்தச் சந்தையே காரணம். முன்னர் வீட்டுக்கு வந்து வாங்கும் வியாபாரி சொன்னதே விலை. அதே பெட்டி கொழும்பில் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பின்னுகிற பெண்ணே கைபேசியில் பார்க்கத் தொடங்கியதும் அந்த வியாபாரியின் பேச்சு மாறிவிட்டது. சாயமிட்ட சிறு பெட்டிகளைத் திருமண வீடுகளுக்கு மொத்தமாக வாங்குவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்ததேயில்லை. இன்று அதிகம் விலைப்படுவது அவைதான்.

எனக்குப் பொறுக்காதது விற்ற காசு கைக்கு வரும் விதம். பொதியைக் கொடுத்துக் கூரியர்காரர் வாங்கும் பணம், முதலில் கூரியர் நிறுவனத்திடமும் பின்னர் சந்தையை நடத்துவோரிடமும் தங்கி, பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான தவணை முடிந்த பின்னரே எங்கள் வங்கிக் கணக்கைச் சேர்கிறது. வாங்குபவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் பெட்டி நசுங்கித் திரும்பி வருவதோடு அனுப்பிய கூலியும் எங்கள் தலையில் விழுகிறது. பின்னுவதற்கான சார்வோலை தருபவருக்கு அன்றன்றே காசு கொடுக்க வேண்டும். நுண்கடன் தவணை வாங்க வருபவரும் வாரந்தவறாமல் வாசலில் நிற்பார். ஏமாந்த வாங்குநர்கள் பலர் இருப்பதால் திருப்பி அனுப்பும் உரிமை தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் அனுப்பும் செஃப்ட்ஸ் முறை இந்நாட்டில் 2015 இலிருந்தே இருக்கையில், பொருள் கையளிக்கப்பட்ட அன்றே பாதிப் பணத்தையாவது விடுவிப்பதற்கு என்ன தடை? கைமுதல் இல்லாத பெண்களின் உழைப்பு, பெரிய நிறுவனம் ஒன்றின் கையில் வட்டியில்லாக் கடனாகக் கிடக்கிறது. ஊர்ப் பொருளாதாரத்தை இணையம் வளர்க்கிறது என்று மேடைகளில் பேசுவோர் இந்த இடைவெளியைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே, இத்தனை நன்மை சொன்ன பிறகும், இப்போது சேர வேண்டாம் என்பதே தங்கச்சிக்கு என் பதில். இப்போதைக்கு வாட்ஸ்அப்பில் பொருட்பட்டியல் போட்டு, பாதிப் பணத்தை முன்கூட்டியே கணக்கில் வாங்கிக்கொண்டு பின்னத் தொடங்குங்கள். வாடிக்கையாளர் குறைவாக இருந்தாலும் காசு நேரத்துக்கு வரும். என் கணக்கை நான் மூடப்போவதில்லை, ஏனெனில் தூரத்து வாடிக்கையாளரை எனக்கு வேறு எவரும் தரவில்லை. தாமதமாகும் காலத்துக்கு ஓலையும் சாயமும் வாங்கப் போதுமான பணம் உங்கள் குழுவிடம் சேர்ந்ததும் சொல்லுங்கள், கணக்குத் திறக்க நானே சம்பூருக்கு வருகிறேன்.