கடலைப் படம் போட்ட பாமாயில்: வேலூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பொங்கல் சாமான் வாங்கக் கிளம்புகிறவர்கள், பையைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வேலூரில் ஒரு பெரிய தள்ளுபடி அங்காடியில் மார்கழி பிறந்த வாரம் மாதச் சாமான் வாங்கினேன். மூவாயிரம் சொச்சம் ஆயிற்று. “இன்று நீங்கள் மிச்சம் பிடித்த தொகை” என்று தொள்ளாயிரத்துக்கு மேல் ஒரு எண்ணை பில்லின் அடியில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்த மிச்சம் எங்கே போனது என்பதைத்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

முதலில் எண்ணெய். நான் பிறந்தது போளூர்ப் பக்கம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். போடுவது மல்லாட்டைதான், வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். விற்றது போக வீட்டுக்கு வேண்டியதை உரித்துச் செக்குக்குக் கொண்டுபோவோம். சூடு ஆறாத புண்ணாக்கை வெல்லத்தோடு தின்றுகொண்டே திரும்பி வருவோம். அப்படி வளர்ந்த என்னையே கடலை எண்ணெயில் ஏமாற்றினார்கள் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க உரித்த கடலைப் படம். பெரிய எழுத்தில் ‘கடலை’. அச்சிட்ட விலை ரூ.215, கடை விலை ரூ.149. அக்மார்க் முத்திரையும் இருந்தது. நான்கு பாக்கெட் எடுத்துக் கூடையில் போட்டேன். பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலை, பனி கொட்டிக்கொண்டிருந்த நேரம், தாளிக்க எண்ணெய்ப் பாத்திரத்தைத் திறந்தால் அடியில் வெள்ளையாக, நெய் போலத் திரண்டு கிடக்கிறது. ரேஷன் பாமாயில் வாங்கிப் பழகிய எந்த வீட்டுக்கும் இந்தக் காட்சி தெரியும். பிரிக்காத பாக்கெட்டைத் திருப்பி, பேத்தியைப் படிக்கச் சொன்னேன். பின்பக்க மடிப்பில், கடுகளவு ஆங்கில எழுத்தில், பாமாயில் 80 சதவீதம், கடலை எண்ணெய் 20 சதவீதம் என்று இருந்தது. அளவும் ஒரு லிட்டர் இல்லை, 850 மில்லி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 850 மில்லிக்கு ரூ.149 என்றால் லிட்டர் ரூ.175. எங்கள் தெருக்கடையில் கலப்பில்லாத கடலை எண்ணெய் லிட்டர் ரூ.185, பாமாயில் ரூ.125. நானே வீட்டில் அந்த விகிதத்தில் இரண்டையும் கலந்தால் லிட்டருக்கு ரூ.137தான் ஆகும். அந்த எண்பது பங்கு பாமாயிலைத்தான் ரேஷனில் லிட்டர் ரூ.25க்கு வாங்கி வைத்திருக்கிறேன்!

கலப்பு எண்ணெய் விற்பது சட்டப்படி குற்றமில்லை. கலக்கும் எண்ணெய் ஒவ்வொன்றும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை லேபிளில் எழுத வேண்டும் என்பது விதி. இருபது என்ற எல்லைக்கோட்டிலேயே கடலையை நிறுத்தியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நான் நம்பிய அக்மார்க் முத்திரை கலப்பு எண்ணெய்க்கும் உண்டு. தூய கடலை எண்ணெய் என்பதற்கு அது சாட்சி இல்லை. இது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

இன்னொன்று. எண்ணெய், பருப்பு போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். பார்வைக்கு லிட்டர் போலவே இருக்கும் 850, 800 மில்லி பாக்கெட்டுகள் இன்று அலமாரியில் நிற்பது அதனால்தான். அதற்குப் பதிலாக மில்லிக்கு என்ன விலை, கிராமுக்கு என்ன விலை என்று அச்சிடச் சொல்லியிருக்கிறார்கள். என் பாக்கெட்டிலும் மில்லிக்கு ரூ.0.25 என்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ரூ.215க்குப் போட்ட கணக்கு. தள்ளுபடி விலைக்கு நாம்தான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெயாவது பொடி எழுத்தில் உண்மை சொன்னது. துவரம் பருப்பு அதுவும் சொல்லவில்லை. அங்காடிக்காரர்களே பாக்கெட் போட்டு ‘1 கிலோ’ என்று சீட்டு ஒட்டியது, ரூ.129. மூன்று வாங்கினேன். ஒன்றைப் பிரித்து டப்பாவில் கொட்டினால் வழக்கமாகக் கழுத்து வரை வருவது இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. பிரிக்காத இரண்டையும் தெருக்கடைக்கு எடுத்துப் போனேன். இருபது வருடமாக எனக்குச் சாமான் கொடுத்த கடைக்காரர் அவர். நான் வேறு கடைக்குப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், “கொடுங்கள் அக்கா, போட்டுப் பார்ப்போம்” என்று தராசில் வைத்தார். ஒன்று 951 கிராம், மற்றொன்று 947. காலி உறை 8 கிராம். ஆக உள்ளே இருந்தது 943ம் 939ம். கிலோ பாக்கெட்டில் 15 கிராம் வரை வித்தியாசத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது; 57ம் 61மாகக் குறைவதற்கு எந்தச் சட்டமும் இடம் கொடுக்காது. உண்மையான விலை கிலோ ரூ.137 ஆகிறது. தெருக்கடையில் ரூ.142. மிச்சம் ஐந்து ரூபாய். பருப்பும் பழையது. நான்கு விசிலில் மலர வேண்டியது ஏழு விசிலுக்கும் நறுக்கென்று நின்றது. அந்த ஐந்து ரூபாயை அடுப்பே தின்றுவிட்டது.

பருப்பையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். மேலாளர் சின்னப் பையன், என் மகன் வயதுகூட இருக்காது. “பொருள் வெளியே போன பிறகு எடைக்கு நாங்கள் பொறுப்பில்லை அம்மா” என்றான். எண்ணெயைப் பற்றிக் கேட்டதற்கு, “எல்லாம் எழுதித்தானே இருக்கிறது, நீங்கள் படித்திருக்க வேண்டும்” என்றான். “தம்பி, கடலைப் படத்தை இந்த அளவுக்குப் போடத் தெரிந்தவர்களுக்குப் பாமாயில் என்ற வார்த்தையை அதில் பாதி அளவுக்கு எழுதத் தெரியாதா?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் கூடையில் இருந்த எண்ணெய்ப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியதும், பருப்புக்கு மட்டும் பணம் தருகிறோம், சத்தம் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். குளியல் சோப்பு, பற்பசை, துணி சோப்பு, பெயர்பெற்ற கம்பெனி டீத்தூள் ஆகியவை அங்கே உண்மையாகவே மலிவு. எடையும் அளவும் கம்பெனி போட்டது, கடைக்காரர் கை வைக்க முடியாது. அவற்றை வாங்குவதில் தவறில்லை. அங்காடியே பாக்கெட் போடும் பருப்பு, புளி, மிளகாய், மல்லி ஆகியவற்றில்தான் கண் வேண்டும். அரிசியிலும் கூட. பக்கத்து வீட்டு அக்கா ஆரணிப் பொன்னி மூட்டை ரூ.1,399 என்று ஆட்டோ வைத்துக் கொண்டுவந்தார். அது 25 கிலோ. தெருக்கடையில் ரூ.1,430க்குக் கொடுப்பது 26 கிலோ மூட்டை. பாக்கெட் அரிசிக்கு 25 கிலோ வரை ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்த பிறகு பல ஆலைகள் 26 கிலோவாகக் கட்டுகின்றன. கிலோவுக்கு வகுத்தால் தெருக்கடையில்தான் ஒரு ரூபாய் குறைவு, ஆட்டோக்கூலியும் இல்லை.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டுப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். எடைக்குறைவை நம் மாநிலத்தில் விசாரிப்பது தொழிலாளர் துறை. பலருக்கு இது தெரியாமல் எங்கெங்கோ அலைகிறார்கள். லேபிள், கலப்படம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

அந்த இரண்டு பருப்புப் பாக்கெட்டுகளையும் மீதி எண்ணெயையும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், ஆய்வாளர் வந்தால் காட்ட. நீங்களும் வாங்கியிருந்தால் பிரிப்பதற்கு முன் எடை போட்டுவிடுங்கள். பில்லை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் மை நிற்பதில்லை. என்னுடையதில் ‘மிச்சம்’ என்ற வரி ஏற்கெனவே வெளுத்துவிட்டது.