போர் தண்ணிக்கு ஒன்று, காவிரித் தண்ணிக்கு ஒன்று

பள்ளத்தூரில் அப்பத்தாவோடு வந்து தங்கி மூன்று வருஷம் ஆகிறது. வந்த புதிதில் குடிதண்ணீரைச் சுத்திகரிக்க வாங்கிய ஆர்ஓ மெஷினைக் கழற்றி, போன வருஷம் வேறு ஏற்பாடு செய்தேன். இங்கே வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் நிறையப் பேர் எந்தத் தண்ணீருக்கு எதை மாட்டுவது என்று கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதல் மெஷின் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். விற்க வந்தவர் முகப்பிலேயே இரண்டு டம்ளர் வைத்தார், ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு சின்னக் கருவியை உள்ளே விட்டுக் கரண்ட் கொடுத்ததும் எங்கள் டம்ளர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே கசடு திரண்டு மிதந்தது. "இதையாப்பா இத்தனை வருஷமாக் குடிச்சேன்" என்று அப்பத்தா கலங்கிப் போய்விட்டார், நானும் அன்றைக்கே பணம் கொடுத்துவிட்டேன். அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததே இல்லை. கரண்ட் ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக வருகிறது, அவ்வளவுதான். ஆர்ஓ தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு, கரண்ட் சரியாக ஓடாது, அதனால் அது தெளிவாகவே நிற்கிறது. மின்வேதியியலுக்கென்றே சிக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடிப் பக்கத்தில் வயதானவர்களை இதைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களே என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. யாராவது வீட்டுக்கு வந்து இப்படிக் காட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அந்த மெஷினைப் போர் தண்ணீரில், அதாவது வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் மாட்டினார்கள். எட்டே மாதத்தில் உப்பை வடிகட்டுகிற மெம்பரேன் அடைத்துக்கொண்டது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் கழிவாகப் போனது. சர்வீஸுக்கு போன் செய்தால் நாளைக்கு, நாளைக்கு.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். போர் தண்ணீர் ஒரு பாட்டில், பேரூராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தேன். போரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பு, 1,180; கால்சியம், மெக்னீசியத்தால் வருகிற கடினத்தன்மை 520. காவிரியில் டிடிஎஸ் 290தான், ஃபுளோரைடும் நைட்ரேட்டும் எல்லைக்குள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, கடினத்தன்மை 200 வரை. அப்படிப் பார்த்தால் காவிரித் தண்ணீருக்கு ஆர்ஓ தேவையே இல்லை, தொட்டியில் கிருமி சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். கையில் பிடிக்கிற டிடிஎஸ் மீட்டர் இதையெல்லாம் சொல்லாது, அதற்குக் கிருமியும் தெரியாது ஃபுளோரைடும் தெரியாது.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு செக்காலை ரோட்டில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெஷின் எதையும் காட்டவில்லை, முதலில் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார், "வீட்டில் எத்தனை பேர், எந்தக் குழாயில் எந்தத் தண்ணி வருது" என்று கேட்டார், அப்புறம்தான் விலை பேசினார். குடிக்க, சமைக்க காவிரிக் குழாயில் புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யூவி, 8,500 ரூபாய். குளிக்க, துவைக்கப் போர் லைனில் கடினத்தன்மையைப் போக்கும், கையால் இயக்குகிற சாஃப்ட்னர், 24,000.

சாஃப்ட்னர் மாட்டிய அன்று டிடிஎஸ் பார்த்தால் பழைய எண்ணே காட்டியது, ஏமாந்துவிட்டோமோ என்று திக்கென்றது. கடைக்காரர் இரண்டு பாட்டிலில் பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் பிடித்து, சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்கிக் காட்டினார். பழையதில் வெள்ளையாகத் திரிந்து மிதந்தது, புதியதில் கழுத்து வரை நுரை. கால்சியமும் மெக்னீசியமும் போய் அந்த இடத்தில் சோடியம் வருகிறது, மொத்த உப்பு குறைவதில்லை, அதனால்தான் எண் மாறவில்லை. பிபி இருக்கிற அப்பத்தா அதைக் குடிக்கக் கூடாது என்பதையும் அவரே சொல்லி, சமையற்கட்டுக்கு அந்த லைன் போகாமல் பிரித்துக் கொடுத்தார். இந்த ஒன்றுக்காகவே அந்தக் கடையை யாருக்கும் சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. பத்து நாளைக்கு ஒரு முறை உப்புக் கரைத்து வால்வைத் திருப்பி ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், அந்தக் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடக் கூடாது. யூவி கரண்ட் போனால் வேலை செய்யாது, இரண்டு குடம் முன்கூட்டியே பிடித்து வைக்கிறோம். ஆனால் கீசரில் வெள்ளைப் பொருக்கு கட்டுவது நின்றுவிட்டது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உப்புத் திட்டும் இல்லை.

மழை பெய்தால் மட்டும் இதெல்லாம் அப்பத்தாவுக்குக் கணக்கில்லை. முதல் மழையில் ஓடு கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு வளவு வாசலில், வீட்டு நடுவே திறந்த முற்றத்தில், கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் அண்டாவை வைத்துவிடுவார், துணியால் வடிகட்டி அதில்தான் பருப்பு வேகும். போர் தண்ணீரில் முக்கால் மணி நேரம் கொதித்தும் முழிக்கிற பருப்பு, இதில் சீக்கிரமே குழைந்துவிடுகிறது.