அசுராகாஸ்ட்: சிம்மக்கல்லிலிருந்து ஒரு வானொலி

எனக்கு மதுரை சிம்மக்கல்லில் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மாணவர்களின் ஆய்வேடு எல்லாம் கலந்துகட்டி வரும். முகூர்த்த மாதங்களில் சிவகாசிக்கு ஃபைல் அனுப்பி முடிக்க இரவு ஒரு மணி ஆகிவிடும். அந்த நேரத்துக்குத் துணையாக ஆறு வருடம் ஒரே ஒரு இணைய வானொலியைத்தான் கேட்டேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு பெரியவர் தன் வீட்டிலிருந்தே நடத்தியது. ஸ்மூத் ஜாஸ் என்ற மென்மையான ஜாஸ் இசை மட்டும்தான் போடுவார். ஜார்ஜ் பென்சனின் கிதார், க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் சாக்ஸபோன், இப்படி. ஜாஸ் பண்டிதர்கள் இதை லிஃப்டில் போடும் சங்கீதம் என்று கிண்டல் செய்வார்களாம். செய்யட்டும். பத்திரிகையில் 'இவ்வண்ணம்' வரிசைக்குப் பதினெட்டு பெயரை அடுக்குகிறவனுக்கு இதுதான் சரிப்பட்டு வரும்.

அவருக்கு மதியம் பன்னிரண்டு என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவார்கள், அப்போது பத்தரை. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒன்பதரை, தை முகூர்த்தத்துக்குப் பத்தரை என்றுதான் என் கணக்கு. நியூயார்க்கின் சிடி 101.9 வானொலி நிலையம் இந்த இசையைக் கைவிட்டது 2008 பிப்ரவரியில், சிகாகோவின் டபிள்யூஎன்யுஏ 2009 மே மாதத்தில் என்று, செத்துப்போன சொந்தக்காரர்களைச் சொல்வதுபோல அடிக்கடி சொல்வார். அப்புறம் அவர் ஊர் வானிலையைச் சொல்வார். பனி எத்தனை அங்குலம், வாசலைப் பெருக்கினாரா இல்லையா, எல்லாம் வரும்.

போன தை மாதம் பதினோரு நாள் அவர் வானிலை சொல்லவில்லை. பாட்டு வந்தது, நடுவில் அவர் குரலில் 'குட் ஆஃப்டர்நூன்' வந்தது. வேலை மும்முரத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பன்னிரண்டாம் நாள் பாட்டு நின்று ஒரு பெண் குரல் வந்தது. அவருடைய மகள். அப்பா இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, இதை எப்படி நிறுத்துவதென்று எங்களுக்குத் தெரியவில்லை என்றார். ஒரே ஒரு பாட்டு போட்டார். அதோடு சரி.

ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டராவது செய்யலாம் என்று உட்கார்ந்தேன். போட்டோ வைக்கும் இடத்தில் கை நின்றுவிட்டது. அவர் முகமே எனக்குத் தெரியாது.

போஸ்டருக்குப் பதில் நாமே ஒரு வானொலி தொடங்கலாம் என்று தோன்றியது. இப்படித்தான் அசுராகாஸ்ட் என் வீட்டுக்குள் வந்தது. 'என்ன, அசுரனா?' என்றாள் மனைவி. இணைய வானொலி நடத்துவதற்கான இலவச மென்பொருள் இது. திறந்த மூலம், யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர். லிக்விட்சோப் பாட்டுகளை வரிசைப்படுத்திக் கோக்கும். ஐஸ்காஸ்ட் அதைக் கேட்பவர்களுக்கு அனுப்பும். இரண்டையும் தனித்தனியாக அமைக்க வேண்டுமென்றால் என்னால் ஆகாது. அசுராகாஸ்ட் இரண்டையும் ஒரே வலைப்பக்கத்தில் பட்டனாக்கித் தருகிறது.

மாதம் 900 ரூபாய்க்கு ஒரு வாடகை சர்வர் எடுத்தேன், 4 ஜிபி ராம். சென்னையில் இருக்கும் அக்கா மகன் போனில் நின்றான். "மாமா, கறுப்புத் திரையப் பாத்துப் பயப்படாதீங்க. நான் அனுப்புறத ஒட்டி என்டர் தட்டுங்க, போதும்." தட்டினேன். அரை மணி நேரத்தில் நிலையம் தயார். பேஜ்மேக்கரை ஏற்றப் பட்ட பாட்டை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

பாட்டுகளைப் பட்டியலாகப் பிரித்து, எது அதிகம் வர வேண்டும் என்று 1 முதல் 25 வரை எடை போடலாம். ஒரே கலைஞர் அடுத்தடுத்து வராமல் தடுக்கலாம். மணிக்கொரு முறை நிலையத்தின் பெயரைச் சொல்ல வைக்கலாம். முதல் வாரம் பாட்டுப் பெயரெல்லாம் கன்னாபின்னா என்று தெரிந்தது. மென்பொருளைத் திட்டித் தீர்த்த பிறகுதான் பார்த்தேன், பழக்கதோஷத்தில் பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறேன், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது தமிழாகத் தெரியாது. யூனிகோடில் மாற்றியதும் தமிழ் அழகாக வந்தது. இன்னொன்று, ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் கலக்கும் வசதி நாம் சொல்லாமலே இயங்குகிறது. ஆலாபனையோடு மெதுவாகத் தொடங்கும் பதிவுகளில் அது முதல் மூச்சை விழுங்கிவிடும். பாட்டு பாட்டாகத் திறந்து சரிசெய்ய வழி இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும்.

சர்வர் வாடகையைப் பார்த்து ஏமாறாதீர்கள், கணக்கு டேட்டாவில் இருக்கிறது. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் கிட்டத்தட்ட 58 எம்பி. நிறுத்தாமல் ஒரு மாதம் கேட்டால் 41 ஜிபிக்கு மேல். 2 டிபி அனுமதி இருந்தால் நாற்பத்தெட்டு பேர் இரவு பகலாகக் கேட்கலாம். எனக்கு இதுவரை அதிகபட்சமே பதினாலு பேர்தான், எனவே கவலையில்லை. போனில் கேட்பவர்களுக்காக டேட்டா குறைவாக இழுக்கும் 64 கேபிபிஎஸ் ஓடை ஒன்றும், ஏஏசி என்ற ஒலி வடிவத்தில், வைத்திருக்கிறேன். பெரிய வித்தியாசம் காதுக்குத் தெரியவில்லை.

மென்பொருள் தீர்க்காத விஷயம் உரிமம். பென்சனைப் போடலாம் என்ற ஆசையில்தான் தொடங்கினேன். எஃப்எம் நிலையங்கள் சட்டப்படி கட்டணம் கட்டிப் பாட்டுப் போட பதிப்புரிமைச் சட்டத்தில் 31டி என்று ஒரு பிரிவு உண்டு. அது இணையத்துக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. 2022இல் மேல்முறையீட்டிலும் அதுவே தீர்ப்பு. ஆக, உரிமையாளர்களிடம் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். என் கடைக்கு அது கட்டுப்படியாகாது. ஜமெண்டோ, ஃப்ரீ மியூசிக் ஆர்கைவ் ஆகிய தளங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது படைத்தவரே சில நிபந்தனைகளோடு பகிர அனுமதித்தவை, நிறைய கிடைக்கிறது. உரிமத்தை ஒவ்வொன்றாகப் படித்து எடுத்தேன். நூறில் பத்து தேறும்.

மிச்சத்துக்கு என் வாடிக்கையாளர்களே கைகொடுத்தார்கள். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கர்நாடக மேடையில் உட்கார வைத்ததிலிருந்து நம் கல்யாணங்களில் அது சகஜமாகிவிட்டது. பத்திரிகையில் 'இன்னிசை' என்று நான் அடிக்கும் பெயர்களில் நான்கு பேரைப் பிடித்தேன். "ஜாஸ்னா என்னண்ணே?" என்றார் ஒருவர். பெரியவரின் நிகழ்ச்சியை நான் பதிவு செய்து வைத்திருந்ததிலிருந்து பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "முகூர்த்தம் முடிஞ்சு பந்தி நடக்கும்போது நாங்க வாசிக்கிறதுதானே" என்றார். சொந்த மெட்டில் ஆறு துண்டு வாசித்து, எழுத்திலும் சம்மதம் கொடுத்தார். எடை 25 போட்டிருப்பது அவருக்குத்தான்.

நேரடியாகப் பேச பட் என்ற சின்ன மென்பொருள், அதுவும் இலவசம். கண்டென்சர் மைக் வாங்கிவிடாதீர்கள். என் ஃபேன், எதிர்க்கடை மிக்ஸி, தெருவில் போகும் ஷேர் ஆட்டோ எல்லாம் அதில் கச்சேரிக்கு வந்துவிட்டன. மே மாத மதுரையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசிப் பார்த்தேன், மூன்றாம் நாள், அக்கம்பக்கச் சத்தத்தை அவ்வளவாக இழுக்காத டைனமிக் மைக்குக்கு மாறினேன். பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அசுராகாஸ்ட் தானாகப் பாட்டுக்குத் தாவிவிடுகிறது. கேட்பவருக்குச் சின்ன இடறல்தான்.

ஒன்றுக்கு மட்டும் பழக வேண்டும். நீங்கள் பேசுவது உடனே போய்ச் சேராது. ஒரு நாள் ராத்திரி திருமங்கலம் பஸ் ஒன்று கடை வாசலில் நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. நான் பேச்சை நிறுத்தி, மறுபடி தொடங்கி, வெயில் இன்னும் தணியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து விநாடி கழித்து எதிர் டீக்கடை மாஸ்டரின் போனிலிருந்து அதே ஹார்ன். மாஸ்டர் தெருவை எட்டிப் பார்த்தார். தெருவில் பஸ் இல்லை.

குறைகள்: செல்போனில் நிர்வாகப் பக்கம் நெருக்கியடிக்கிறது. அப்டேட் போடும்போது நிலையம் சில நிமிடம் நின்றுவிடும், பகலில் போடுவது நல்லது. உதவிக் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மருமகன் மாதிரி ஒருவன் போனில் இல்லாவிட்டால் மூன்று.

ஆள் இல்லாமலே எத்தனை நாளானாலும் ஓடும் என்பதுதான் இதன் பெரிய வசதி. எனக்கு அது பிடிக்கவில்லை. தேடியதில் இரண்டு விஷயம் கிடைத்தன. பட்டியலுக்கு முடிவுத் தேதி வைக்கலாம். போட எதுவும் இல்லாதபோது ஒலிக்க நம் சொந்தக் கோப்பு ஒன்றையும் ஏற்றலாம். எல்லாப் பட்டியலையும் ஞாயிறு இரவோடு முடியும்படி வைத்தேன். வாராவாரம் கறி வாங்கப் போகும் முன் தேதியைத் தள்ளி வைக்க வேண்டும். அந்தக் கோப்பில் என் குரலில் இருபது விநாடி: 'இந்த வாரம் இவர் வரவில்லை. கடைக்குப் போன் செய்து விசாரியுங்கள்.' கடை நம்பரையும் சொல்லியிருக்கிறேன்.

"நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்கு மாமா?" என்றான் மருமகன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, திருப்பரங்குன்றத்தில் ஒரு காதுகுத்து. தேதியை மறந்துவிட்டேன். நள்ளிரவு பன்னிரண்டு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது, டீக்கடை மாஸ்டர்.

"அண்ணே, நீங்க வரலைன்னு நீங்களே திரும்பத் திரும்பச் சொல்றீங்க. நல்லாத்தான இருக்கீக?"