பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பிரித்து மேய்வதா, முடித்து வைத்ததை வாங்குவதா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் தூக்குகிறார்கள். நான் முதலில் குனிந்து கதவுக்குக் கீழே பார்க்கச் சொல்வேன். எஞ்சின் வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் என்று எழுதிப்போட்டால் செலவு ஏறக்குறைய தெரிந்துவிடும். கணக்கில் அடங்காமல் பணத்தை விழுங்குவது பாடிதான்.

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார். அதற்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியேதான் சேஸி. கூரையில்லாத ரோட்ஸ்டரில், முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பதில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' பகுதிக்கு. துரு முதலில் தேடிப் போவதும் அங்கேதான். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அதன்மேல் நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டே வந்தது சட்டென்று நழுவினால், பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகடு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி. கதவின் பின்பக்க இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால், கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. பழைய சில்லை வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி பற்றவைத்து, பாடியை நேராக நிறுத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் தொய்ந்த வாக்கிலேயே புது சில் உட்கார்ந்துவிடும். பிறகு அந்தக் கதவு பொருந்தி மூடவே மூடாது.

இப்படிப்பட்ட காரை முழுக்கப் பிரித்துச் செய்தால், போட்ட பணம் விற்கும்போது திரும்பாது. ஏற்கெனவே ஒருவர் முடித்து வைத்த காரை வாங்குவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். அவர் செலவழித்ததைவிடக் குறைவாகவே பெரும்பாலும் கேட்பார். ஆனால் வெறும் தகடாக நின்றபோது எடுத்த படங்களும் வேலைக்கான பில்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் புதுப் பெயிண்டை நம்ப வேண்டாம்.

1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப் போன்ற கார்களுக்கு மட்டும் கணக்கு மாறும். முடித்த காருக்குக் கிடைக்கும் விலையே அதிகம் என்பதால், முழு வேலையும் சில சமயம் கட்டுப்படியாகும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: ஓட்டிக்கொண்டே சரிசெய்வது. பாடி திடமாக இருந்தால் மட்டும் இது நடக்கும். 1989-ல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல பொருத்தம், நிறைய விற்ற கார் என்பதால் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. 1976 மாடலிலிருந்து வந்த போர்ஷே 911-களில் துத்தநாகம் பூசிய தகடு. துரு பயம் குறைவு, பாகங்களின் விலை வேறு கதை. எந்தக் காரானாலும் பிரேக், பெட்ரோல் குழாய், டயர் மூன்றும் முதலில். டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் 2309 என்றிருந்தால், அது 2009-ன் 23-வது வாரத்தில் செய்தது. ரப்பர் பழசாகியிருக்கும், மாற்றியே ஆக வேண்டும்.

அப்பா ஓட்டிய கார் என்றால் நான் சொன்ன கணக்கு எதுவும் செல்லாது, அது எனக்கும் தெரியும். அப்போதும் சில்லை முதலில் செய்யுங்கள், பெயிண்டைக் கடைசிக்கு விடுங்கள். பாதியில் பணம் தீர்ந்தாலும் கார் ஓடும் நிலையிலாவது நிற்கும்.