அடுக்குமாடியில் பேஸ்: பெரிய சப்வூஃபரா, சிறியதா, சோஃபாவுக்கு அடியில் ஷேக்கரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கீழ் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவருடைய படுக்கையறையில் போய் நின்றேன். மேலே என் தம்பி, நாங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் அதே சத்தத்தில் ஒரு சண்டைக்காட்சியை ஓடவிட்டான். வசனம் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, பின்னணி இசையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வெடிப்புக்கும் அலமாரிக் கதவு நடுங்கியது. அறையின் மூலைக்குப் போனால் அந்த 'டும்' இன்னும் பெரிதாகக் கேட்டது. மூன்று மாதமாக அவர் இதைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சப்வூஃபர் என்பது பேஸை, அதாவது அடித்தொண்டை போன்ற தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் தனி ஸ்பீக்கர் பெட்டி. அடுக்குமாடிக்கு எந்த சப்வூஃபர் நல்லது என்று யார் கேட்டாலும் அன்றிலிருந்து ஒரே அளவுகோலை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். நம் இருக்கையில் கிடைக்கும் பேஸ் எவ்வளவு, அதற்காக அடுத்த வீட்டுக்குள் போகும் பேஸ் எவ்வளவு? நமக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் அடுத்த வீட்டுக்குப் போவதைக் குறைக்கும் வழிதான் நல்ல வழி. பெட்டியின் அளவும் வாட் கணக்கும் அதற்குப் பிறகு வருபவை.

சுவர் ஏன் இதைத் தடுப்பதில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு சுவர் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும் என்பது அதன் எடையையும் ஒலியின் அதிர்வெண்ணையும் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது, ஹெர்ட்ஸ் கணக்கில்) பொறுத்தது. அதிர்வெண் பாதியானால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பேச்சின் நடுப்பகுதியான 500 ஹெர்ட்ஸிலிருந்து 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் நான்கு முறை பாதியாகிறது. கணக்குப்படி 24 டெசிபல் போய்விட்டது. சுவர்களின் ஒலித்தடுப்புக்குக் கொடுக்கப்படும் எஸ்டிசி மதிப்பீடு 125 ஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்குகிறது. சப்வூஃபர் வேலை செய்யும் இடம் அதற்கும் கீழே. அதனால் 'எங்கள் கட்டடத்தில் நல்ல ஒலித்தடுப்பு' என்று சொல்லப்படுவது சப்வூஃபருக்குப் பொருந்தாது.

சுவரில் ஸ்பாஞ்சு ஒட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.6 மீட்டர். அதை நன்றாக உறிஞ்ச, அலைநீளத்தில் கால்பங்கு, அதாவது இரண்டு மீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். இரண்டு அங்குல ஸ்பாஞ்சு அறையின் எதிரொலியைக் குறைக்கும். பேஸ் அதைக் கண்டுகொள்ளாது.

சரி, இப்போது போட்டியாளர்கள்.

பெரிய பெட்டியும் சிறிய பெட்டியும்

'அடுக்குமாடிதானே, 8 அங்குலம் வாங்கிக்கொள்' என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. அங்குலக் கணக்கு, ஒலி எழுப்பும் கூம்பான டிரைவரின் அகலம். எனக்கு இதில் உடன்பாடில்லை. மிக மெல்லிய நிலையில், நம் காதுக்கு எட்டவே 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 78 டெசிபல் வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்கு 51 போதும், 80 ஹெர்ட்ஸுக்கு 32 போதும். எனவே அடுத்த வீட்டுக்காரர் காதில் 'டும் டும்' என்று விழுவது பெரும்பாலும் 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையான பேஸ். இந்தப் பகுதியைச் சிறிய சப்வூஃபரும் தாராளமாக எழுப்பும். அதே சத்தத்தில் இரண்டையும் ஓடவிட்டால் கீழ் வீட்டுக்குப் போவது இரண்டிலும் ஒன்றுதான். சிறியது செய்வது, ஒரு அளவுக்கு மேல் சத்தம் போட முடியாமல் நம்மைத் தடுப்பது மட்டுமே. அந்தத் தடையை வால்யூம் குமிழில் நாமே வைத்துக்கொள்ளலாம்.

பெரியதைக் குறைத்து வைப்பதில் ஒரு நன்மை உண்டு. 12 அங்குல டிரைவர் தன் திறனில் சிறு பங்கிலேயே வேலை செய்வதால் திணறாது, ஒலி சிதையாது. சிறியது திணறும்போது சிதைவாக வரும் மேல் அதிர்வெண்கள்தான் காதை உறுத்தும். ஆனால் கையில் 12 அங்குலம் இருந்தால் 'இன்னும் கொஞ்சம்' என்று குமிழைத் திருப்பும் ஆசை வரும். அந்தக் கட்டுப்பாடு தனக்கு வராது என்று தெரிந்தவர் சிறியதையே வாங்கட்டும், அது நேர்மையான முடிவு.

துளை உள்ள போர்ட்டட் பெட்டி, மூடிய சீல்டு பெட்டி என்ற தேர்விலும் அடுக்குமாடிக்கு நான் சீல்டு பக்கம். போர்ட்டட் பெட்டி அதன் டியூனிங் அதிர்வெண்ணுக்கு, அதாவது துளை ஒத்ததிரும் அதிர்வெண்ணுக்கு அருகே அதிக சத்தம் தரும், அதற்குக் கீழே ஒரே சரிவாக விழும். பெரிய கூடத்தை நிரப்ப அது நல்லது. இங்கே நிரப்பவேண்டியது ஒரே ஒரு சோஃபா.

சப்வூஃபரே வேண்டாம், தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்கள் போதும் என்பவர்களும் உண்டு. அவையும் 40, 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கீழ் வீட்டை எழுப்பும் பகுதி அப்படியே இருக்கிறது, இரவில் அதை மட்டும் தனியாகக் குறைக்கும் குமிழ்தான் இல்லை. அதனால் இது எனக்குக் கடைசித் தேர்வு.

ரப்பர் கால்களும் இருக்கைக்கு அருகே வைப்பதும்

சப்வூஃபருக்கு அடியில் வைக்கும் ரப்பர் கால்களையும் பலகைகளையும் பலர் முதல் மருந்தாக வாங்குகிறார்கள். பெட்டியின் நடுக்கம் தரைக்கு நேரடியாக இறங்குவதை அவை குறைக்கும். மரத்தளத்தில் அது நன்றாகவே தெரியும். கான்கிரீட் தளத்தில் பலன் குறைவு, ஏனென்றால் அங்கே காற்றின் அழுத்தமே தளத்தையும் சுவரையும் அசைக்கிறது. அதற்கு ரப்பர் குறுக்கே நிற்க முடியாது. கேஇஎஃப் நிறுவனத்தின் கேசி62 சப்வூஃபர் போல இரண்டு டிரைவர்கள் எதிரெதிராக இயங்கும் வகையிலும் இதே கதைதான். பெட்டி ஆடாது, காற்று ஆடும்.

இடத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை, பலனோ அதிகம். சப்வூஃபரை மூலையில் வைத்தால் சுவர்கள் சேர்ந்து பேஸை ஏற்றிவிடும் என்று அப்படியே விட்டுவிடுகிறோம். அந்த ஏற்றம் அண்டை வீட்டுக்கும் சேர்த்துத்தான். சோஃபாவுக்குப் பின்னால், முதுகிலிருந்து ஓரடி தூரத்தில் கொண்டுவந்து வைத்தேன். முன்பு இருந்த அதே அழுத்தம் நெஞ்சில் தெரிய, அளவை 6 டெசிபல் குறைத்தாலும் போதுமாக இருந்தது. 6 டெசிபல் என்றால் ஆம்ப்ளிஃபையர் கொடுக்கும் சக்தி நான்கில் ஒரு பங்கு. கிராஸ்ஓவரை, அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழ் உள்ளது சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாமல் வைத்தால், பின்னாலிருந்து சத்தம் வருவதாகவே தோன்றாது.

இரண்டு சப்வூஃபர் வைத்தால் அறை முழுக்க பேஸ் சீராகும் என்பது உண்மை. நான்கைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு அது. ஒருவர் இருவருக்கு, அருகே வைத்த ஒன்று போதும்.

ஷேக்கர்

ஷேக்கர் என்பது கூம்பு இல்லாத சப்வூஃபர் மாதிரி. சோஃபாவின் சட்டத்தில் திருகிவிட்டால் பேஸ் சிக்னலை வாங்கி இருக்கையை நேரடியாக அதிரவைக்கும். பட்கிக்கர் என்ற பெயரில் கிடைப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். காற்றைத் தள்ளும் வேலையே இல்லாததால், என் அளவுகோலில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே நமக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு காதால் கேட்பதைவிட உடம்பால் உணர்வதுதானே.

1974இல் யுனிவர்சல் நிறுவனம் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்த சென்சரவுண்ட் முறை இதற்கு எதிர்த்திசை. நிலநடுக்கத்தை உணர்த்த, ராட்சத ஸ்பீக்கர்களால் அரங்கத்தின் காற்றையே அசைத்தார்கள். பக்கத்து அரங்கில் வேறு படம் பார்த்தவர்களுக்கும் அந்த உறுமல் போய்ச் சேர்ந்தது. இருக்கையை மட்டும் அசைத்திருந்தால் அந்தத் தொல்லை வந்திருக்காது.

ஷேக்கர் வாங்குபவர் கட்டாயம் கவனிக்கவேண்டியது ஒன்று. சோஃபாவின் நான்கு கால்களுக்கும் அடியில் மெத்தென்ற ரப்பர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த மோட்டார் சோஃபா வழியாகத் தரையைத் தட்டும், கீழ் வீட்டுக்கு அது சப்வூஃபரைவிட மோசம். தனி ஆம்ப்ளிஃபையரும் தேவை. அளவை உணர்ந்தும் உணராததுமாக வைக்கவேண்டும். கூடினால் மசாஜ் நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்ப்பதுபோல் ஆகிவிடும். இசை கேட்க எனக்கு இது ஒத்துவரவில்லை. பேஸ் கிட்டாரின் சுருதியை உடம்பால் பிரித்தறிய முடியவில்லை. படங்களுக்குத்தான் இது.

ஹெட்ஃபோன் அடுத்த வீட்டுக்கு எதையுமே அனுப்பாது, ஆனால் நெஞ்சதிர்வும் கிடையாது. ஷேக்கரோடு சேர்த்தால் அந்தக் குறையும் பாதி தீரும். தனியாகப் பார்க்கும் நள்ளிரவுக்கு இந்த ஜோடியை மிஞ்ச வேறொன்றில்லை.

ரிசீவரில் செய்யவேண்டியவை

புதிதாக எதுவும் வாங்கும் முன், ஸ்பீக்கர்களை எல்லாம் இயக்கும் ரிசீவரின் மெனுவைத் திறந்து பாருங்கள். இரவு நேர டைனமிக் ரேஞ்ச் அமைப்பை இயக்கினால் வெடிப்புக்கும் வசனத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். வசனம் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவதும், அடுத்த நொடி வெடிப்பு வருவதும்தான் நிறைய வீடுகளில் நடக்கிறது. நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் ஏற்றினால் அதில் பாதி நின்றுவிடும்.

ரிசீவரில் உள்ள டைனமிக் ஈக்யூ போன்ற அமைப்புகள் குறைந்த சத்தத்தில் பேஸைத் தானாக ஏற்றுகின்றன. காதுக்கு இனிமைதான், ஆனால் சுவருக்கு அந்தப்புறமும் ஏறுகிறது. இரவில் அதை அணைத்துவிடுகிறேன். ஆடிஸி நிறுவனத்தின் எல்எஃப்சி வசதி உள்ள ரிசீவர் கிடைத்தால் நல்லது, சுவரைத் தாண்டும் பேஸைக் குறைக்கும் அந்த வசதி அண்டை வீட்டாருக்காகவே உருவாக்கப்பட்டது.

அப்புறம், 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர். இரவில் வைக்கும் மெல்லிய சத்தத்தில் 20 ஹெர்ட்ஸ் நம் காதுக்கே எட்டாது, அடுத்த வீட்டுக் கதவையும் ஜன்னலையும்தான் ஆட்டும். நமக்குக் கேட்காததை ஏன் அனுப்பவேண்டும்?

அளந்து பார்ப்பவர்கள் ஒலி மீட்டரை, பேஸை அவ்வளவாகக் கழிக்காத 'சி' நிறை (வெயிட்டிங்) அமைப்பில் வையுங்கள். 'ஏ' நிறை 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபலைக் கழித்துத்தான் காட்டும். அந்த எண்ணை நம்பி 'சத்தமே இல்லையே' என்று பக்கத்து வீட்டாரிடம் வாதாடினால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இப்போது என் வீட்டில் 12 அங்குல சீல்டு சப்வூஃபர் சோஃபாவுக்குப் பின்னால் இருக்கிறது, சோஃபாவின் அடியில் ஷேக்கர். இரவு பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிட்டு ஷேக்கர் மட்டும். இப்படி மாற்றிய பிறகு மறுபடியும் கீழ் வீட்டில் போய் நின்றேன். இரவு அமைப்பில் ஒன்றும் வரவில்லை. பகல் அமைப்பில் 20இலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டபோது, 45க்கு அருகே மட்டும் அலமாரிக் கதவு மறுபடி நடுங்கியது. அவர் அறையின் நீளம் 3.8 மீட்டர், அந்த நீளத்துக்கு இயல்பான ஒத்ததிர்வு சரியாக 45 ஹெர்ட்ஸில்தான் விழுகிறது. மேலே வந்து ஈக்வலைசரில் அந்த ஒரு இடத்தை 5 டெசிபல் குறைத்தேன். சோஃபாவில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கீழே அவர் அலமாரிக் கதவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, நின்றுவிட்டது என்றார்.